அப்பால் என்று ஓர் ஊர்

படகின் கழிவறையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் வாசகர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். அதிலும் சோளிங்கரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்றால் சிரிப்பார்கள். சோளிங்கருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? கடல் எங்கோ கிழக்கே கிடக்கிறது. மலை உண்டு, மலைமேல் நரசிம்மர் உண்டு, எதிர்மலையில் அனுமார் உண்டு. தெற்கே போனால் வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தோல் பதனிடும் ஊர்கள் உண்டு. படகு மட்டும் கிடையாது.

ஆனாலும் மனிதன் தன் அழுக்கை என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்ற கேள்விக்குப் படகைப் போல நல்ல ஆசிரியர் வேறு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய தர்மசங்கடங்களைப் பற்றிப் பேச நமக்குப் பிடிக்கிறது. உயிரைக் கொடுக்கலாமா, உண்மையை மறைக்கலாமா என்றெல்லாம் விவாதிக்கிறோம். அந்தச் சோதனைகள் நம்மில் பலருக்கு ஆயுளில் ஒருமுறைகூட வருவதில்லை. ஆனால் தினந்தோறும் காலையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில், எல்லோருக்கும் ஒரு தர்மப் பரீட்சை நடக்கிறது. அதைப் பரீட்சை என்றே நாம் அறிவதில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறோம்.

முதலில் படகைப் பார்ப்போம். நெடுந்தூரம் போகும் பாய்மரப் படகுகளில் ஒரு சின்ன அறை இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. அதில் ஒரு பீங்கான் தொட்டி. பக்கத்தில் ஒரு கைப்பம்பு. படகின் வயிற்றில் ஒரு துவாரமிட்டு, அதற்கு ஒரு வால்வு வைத்திருப்பார்கள். வால்வைத் திறந்து பம்பை அடித்தால் கடல்நீர் உள்ளே வரும். மேலும் அடித்தால் கழிவு குழாய் வழியே போய் ஒரு தொட்டியில் சேரும், அல்லது கடலுக்குப் போகும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பீங்கான் பல படகுகளில் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வால்வை மூட மறந்தால் கடல் தானாகவே உள்ளே ஏறிவரும். அதைத் தடுப்பதற்காகக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்து, வளைவின் உச்சியில் காற்றுப் புகும் சிறு திறப்பு ஒன்று வைப்பார்கள். அந்தச் சிறு திறப்பு அடைத்துக்கொண்டால் படகே மெதுவாக நிரம்பக்கூடும். சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் சுண்ணாம்பு போல் படிந்துகொண்டே வரும். அவ்வப்போது வினிகர் ஊற்றிக் கரைக்கவில்லையென்றால் குழாய் நாளுக்கு நாள் குறுகி, ஒருநாள் நின்றுவிடும். அப்புறம் யாரேனும் ஒருவர் அந்தக் குழாயைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

இதனால் படகோட்டிகளிடையே ஒரு விதி வழங்குகிறது: முதலில் வாய் வழியே வயிற்றுக்குள் போகாத எதையும் இந்தத் தொட்டிக்குள் போடாதே. தலைமுடி, துணி, பஞ்சு, தீக்குச்சி எதுவும் கூடாது. புதிதாகப் படகில் ஏறுகிறவருக்குக் கயிற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்களாம். காரணம் எளிது. அடைத்துக்கொண்டால் கூப்பிட ஆள் கிடையாது. உபயோகித்தவர்தான் கழற்றவேண்டும், அல்லது அவரோடு சாப்பிட்டுத் தூங்குகிற தோழர் கழற்றவேண்டும்.

2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து கடற்படையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார்கள். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. 56 அடி நீளமுள்ள அந்தப் படகில், 25,000 கடல்மைல்களுக்கு மேல் கடந்து, 2025 மே 29ஆம் தேதி திரும்பி வந்தார்கள். அவர்களுடைய வீரத்தைப் பத்திரிகைகள் புகழ்ந்தன, புகழவேண்டியதுதான். எனக்கு வேறொன்றும் தோன்றியது. எட்டு மாத காலம் இரண்டே பேர். பாயை ஏற்றுகிறவரும் அவரே, சமைக்கிறவரும் அவரே, தரையைத் துடைக்கிறவரும் அவரே. 'இந்த வேலை என்னுடையதல்ல' என்ற வாக்கியத்துக்கு அந்தப் படகில் இடமில்லை. அவர்களைக் காட்டிலும் சமத்துவமாக வாழ்ந்தவர்கள் தரையில் எத்தனை பேர் இருப்பார்கள்?

படகென்றாலே சமத்துவம் என்று நினைத்துவிடவும் கூடாது. பழைய காலத்துப் பாய்க்கப்பல்களில் மாலுமிகளுக்கான கழிவிடம் கப்பலின் முகப்பில், அலை வந்து மோதும் இடத்தில் இருந்தது. காற்று பெரும்பாலும் பின்புறமிருந்து வீசுவதால் நாற்றம் முன்னே போய்விடும். அதனால்தான் கப்பலின் தலைப்பக்கத்தைக் குறிக்கும் 'ஹெட்' என்ற சொல்லே கழிவறைக்குப் பெயராகிவிட்டது. கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் பின்புறத்தில் மறைவான தனியிடம். எவ்வளவு சிறிய மரக்கூட்டுக்குள்ளும் மனிதன் மேல், கீழ் என்று இரண்டு உலகம் செய்துகொள்ளத் தெரிந்தவன். நம்முடைய விசைப்படகுகளில் பலவற்றில் இன்றைக்கும் கழிவறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. நாள்கணக்கில் கடலில் கிடக்கும் மீனவர்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். மீன் நம் தட்டுக்கு வரும்போது அந்த விளிம்பு நமக்குத் தெரிவதில்லை.

சோளிங்கர்க்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். சரக்குக் கப்பல்களில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்:

"தரையிலே இருக்கிறவங்க 'தூக்கிப் போட்டாச்சு'ன்னு சொல்றாங்களே, சார், கப்பல்லே அந்த வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. எதைப் போட்டே, எத்தனை மணிக்குப் போட்டே, அப்போ கப்பல் எந்த இடத்திலே இருந்தது, எல்லாத்தையும் குப்பைக்குன்னே இருக்கிற ஒரு பதிவேட்டிலே எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"நடுக்கடலில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்று கேட்டேன்.

"பார்க்கிறதுக்கு ஆள் இல்லாததனாலேதானே, சார், எழுதச் சொல்றாங்க" என்றார்.

இந்தப் பதிலை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் பார்க்காத இடத்தில் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் ஒழுக்கம் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறோம். கப்பல்காரர்கள் அதை உபதேசமாக விட்டுவிடவில்லை. சட்டமாக்கி, கோடு போட்ட பதிவேடாக்கிவிட்டார்கள். கப்பல்களால் கடல் கெடுவதைத் தடுக்க உலக நாடுகள் செய்துகொண்ட 'மார்ப்போல்' ஒப்பந்தத்தில் மலக்கழிவுக்கென்றே தனியாக ஓர் இணைப்பு இருக்கிறது. 2003 செப்டம்பர் மாதம் அது அமலுக்கு வந்தது. அரைத்துக் கிருமி நீக்கிய கழிவானால் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பால் விடலாம். அப்படிச் செய்யாத கழிவானால் 12 கடல்மைலுக்கு அப்பால்தான் விடவேண்டும். அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அப்போதும் கப்பல் நின்றுகொண்டிருக்கக்கூடாது. மணிக்கு 4 கடல்மைலுக்குக் குறையாத வேகத்தில் போய்க்கொண்டே, சிறிது சிறிதாக விடவேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனாலும் இதற்குள் மனிதனுடைய பழைய ஆசை ஒன்று ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். 'அப்பால்' என்ற சொல்தான் அது. 12 மைலுக்கு அப்பால் கடல் பெரிது, ஆழமானது, யாரும் குடியிருக்கவில்லை. ஆகவே நம் அசுத்தம் அங்கே கரைந்து இல்லாமற் போய்விடும். எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை இந்த நம்பிக்கை மெய்தான். நூறு பேருடைய கழிவைக் கடல் விழுங்கிவிடும். கோடி பேருடையதை?

அப்பால் என்பது ஓர் ஊராக இருந்தால், உலகத்திலேயே பெரிய ஊர் அதுவாகத்தான் இருக்கும். நாம் வேண்டாமென்று தள்ளியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகிறது. அந்த ஊரில் குடிகளே இல்லை என்பது நம்முடைய எண்ணம்.

படகில் மட்டும் இந்த எண்ணம் உடனே உடைந்துவிடுகிறது. சில சமயம் பயங்கரமாக உடைகிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி நாட்களில் ஜெர்மானியரின் 'யு-1206' என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஸ்காட்லாந்துக் கரைக்கு அருகே இருந்தது. அதற்கு முந்திய நீர்மூழ்கிகளில் ஆழத்தில் இருக்கும்போது கழிவறையை உபயோகிக்க முடியாது. இதில் புதுவிதச் சாதனம் அமைத்திருந்தார்கள். ஆழத்திலும், வெளியே உள்ள நீரின் அழுத்தத்தை எதிர்த்துக் கழிவைத் தள்ளிவிடலாம். ஆனால் வால்வுகளை ஒரு முறைப்படி திறந்து மூடவேண்டும். 1945 ஏப்ரல் 14ஆம் தேதி அந்த முறை தவறிவிட்டது. கடல்நீர் பீறிக்கொண்டு உள்ளே பாய்ந்து, கீழே இருந்த பாட்டரிகளைத் தொட்டது. குளோரின் என்ற நச்சுப்புகை கிளம்பியது. மூச்சுவிட முடியாமல் கப்பல் மேலே வரவேண்டியதாயிற்று. மேலே வந்தவுடன் விமானங்கள் கண்டுகொண்டு தாக்கின. கடைசியில் கேப்டனே கப்பலை மூழ்கடிக்க உத்தரவிட்டார். உயிர்கள் போயின. பீரங்கியும் டார்ப்பீடோவும் வைத்திருந்த ஒரு போர்க்கப்பலைக் கழிவறை வால்வு ஒன்று முடித்துவைத்தது. தள்ளிவிட்டது திரும்பி வந்த கதை இது.

தரையில் வாழும் நமக்கு அப்படி உடனே திரும்பி வருவதில்லை. அதுதான் நம்முடைய அதிர்ஷ்டம். நம்முடைய ஆபத்தும் அதுதான். திரும்பி வருவதற்கு இருபது வருஷம் ஆகலாம். நம் வீட்டுக்கு வராமல் வேறொருவர் வீட்டுக்குப் போகலாம்.

சோளிங்கர் ரயில் நிலையம் ஊரில் இல்லை. சில மைல் தள்ளிப் பாணாவரத்தில் இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து காட்பாடி போகிற வழி. அந்த வழியாகப் பல காலம் பிரயாணம் செய்தவர்களுக்குப் பெட்டியின் கழிவறையில் எழுதியிருந்த எச்சரிக்கை நினைவிருக்கும். வண்டி நிலையத்தில் நிற்கும்போது உபயோகிக்கக்கூடாது என்று எழுதியிருக்கும். அதை ஒரு சுகாதார விதி என்றே எல்லோரும் எண்ணினோம். கொஞ்சம் நின்று வாசித்துப் பார்த்தால் அது ஒரு தத்துவம். நிலையத்தில் வேண்டாம், அப்பால் போய்விட்ட பிறகு தாராளமாக என்பது அதன் பொருள். அப்பால் என்பது எந்த இடம்? தண்டவாளத்தின் இரு பக்கமும் நெல்லும் கடலையும் விளைகிற வயல்கள். தண்டவாளத்திலேயே குனிந்து நடந்து ஆணிகளைச் சோதிக்கிற தொழிலாளி. நிலையங்களில், விதியை மீறினவர்களின் கழிவைத் துடைப்பமும் தண்ணீரும் கொண்டு தள்ளுகிற இன்னொருவர். அந்த வேலைக்கு யாரை, எந்தச் சேரியிலிருந்து அழைத்தார்கள் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிறகு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் உதவியோடு, கழிவைக் கிருமிகளைக் கொண்டே சிதைக்கிற தொட்டிகளை ரயில் பெட்டிகளுக்கு அடியில் பொருத்தினார்கள். 2020 வாக்கில் ஏறக்குறைய எல்லாப் பயணிகள் பெட்டிகளிலும் அவை வந்துவிட்டன. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் 2017இல் வெளியான தணிக்கை அறிக்கை ஒன்று, அந்தத் தொட்டிகள் அடைத்துக்கொள்வதைப் பற்றி வந்த புகார்களை விரிவாக எடுத்துச் சொல்லிற்று. தண்ணீர்ப் புட்டி, துணி, காகிதம், பாக்குப் பொட்டலம் எல்லாவற்றையும் பிரயாணிகள் உள்ளே போட்டார்கள். படகோட்டி முதல் நாளே கற்றுக்கொள்கிற விதியை நாம் கற்றுக்கொள்ளவில்லை. நாம் போட்டதை எடுக்கப்போகிறவர் நம்மோடு சாப்பிடுகிற தோழர் அல்லவே! இயந்திரம் மாறிவிட்டது, 'அப்பால்' மாறவில்லை.

இனி நம் பக்கத்து ஆற்றுக்கு வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் தொழில் வளர்ந்தது. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. ஒரு கிலோ தோல் பதப்பட 30, 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். வேண்டிய தோல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் காலணியாகப் போயிற்று. வேண்டாத உப்பும் குரோமியமும் மிச்சமான தண்ணீரோடு வாய்க்காலுக்கும் ஏரிக்கும் ஆற்று மணலுக்கும் போயின. கிணறுகள் நிறம் மாறின. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமற் போய்விட்டது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சொன்னதை உச்ச நீதிமன்றமே எடுத்துக் காட்டிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கெடுத்தவன்தான் சீராக்கும் செலவைக் கொடுக்கவேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிபதிகள் அறிவித்தார்கள். இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற தீர்ப்பு இது. நம் கிணற்றுத் தண்ணீர் கெட்டதனால் பிறந்த சட்டம்.

தோல் தொழிலதிபர்களை அரக்கர்களாகச் சித்தரிப்பது எனக்கு உடன்பாடல்ல. ஆயிரக்கணக்கான குடும்பங்களில், முக்கியமாகப் பெண்கள் வேலைக்குப் போகும் குடும்பங்களில், அடுப்பு எரிவது அந்தத் தொழிலால்தான். நான் யோசிப்பது வேறொரு விஷயம். ஒரு சிறிய தோற்சாலைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நல்லவர், தான தர்மம் செய்கிறவர். அவரிடம் போய், "ஐயா, நீங்கள் ஆற்றைக் கெடுக்கிறீர்களே" என்றால் என்ன சொல்வார்? "நான் விடுகிற இரண்டு தொட்டித் தண்ணீரால் பாலாறு கெட்டுவிடுமா?" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. அவர் ஒருவருடைய தண்ணீரால் பாலாறு கெடாது. அடுத்த தோற்சாலைக்காரரும் அதையே சொல்வார், அதுவும் பொய்யல்ல. எல்லோரையும் கேட்டு முடித்தால், ஆற்றை யாருமே கெடுக்கவில்லை. ஆறு மட்டும் கெட்டுப்போயிருக்கிறது!

ஒவ்வொருவர் சொல்வதும் உண்மையாக இருந்து, எல்லோரும் சொல்வது சேர்ந்தால் பொய்யாகிவிடுகிறது. இது எப்படி? எந்தச் சொட்டு ஆற்றைக் கெடுத்தது என்று தேடுவதில்தான் தவறு இருக்கிறதென்று நினைக்கிறேன். நாம் கேட்கவேண்டிய கேள்வி, 'என் பங்கினால் கெட்டதா?' என்பதல்ல, 'கெட்டதில் எனக்குப் பங்கு உண்டா?' என்பது. முதற் கேள்விக்கு எப்போதும் 'இல்லை' என்று பதில் சொல்லித் தப்பலாம். இரண்டாவது கேள்விக்குத் தப்ப வழியில்லை. இரண்டு பேர் மட்டும் உள்ள படகில் முதற் கேள்வியும் இரண்டாவது கேள்வியும் ஒன்றாகவே இருக்கின்றன. ஊர் பெரிதாகப் பெரிதாக, இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. அந்த இடைவெளியில்தான் நம்முடைய மனச்சாட்சி தூங்குகிறது.

சட்டம் வந்தபின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. பல தோற்சாலைகளின் கழிவுநீரை ஒரே இடத்தில் சேர்த்துச் சுத்தம் செய்வார்கள். தண்ணீர் தெளிந்து ஒரு பக்கம் போகும். சேறு ஒரு பக்கம் தங்கும். தங்கிய சேற்றை எங்கே கொண்டுபோவது? படகுக்காரருக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. கழிவுத் தொட்டி எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது, அடுத்த துறைமுகம் எப்போது வரும், அங்கே காலி செய்ய வசதி உண்டா என்று அவர் புறப்படும்போதே கணக்குப் பார்க்கிறார். நிரம்பியதை வைத்துக்கொண்டு 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லமாட்டார். ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் இருந்த அப்படிப்பட்ட நிலையம் ஒன்றில் சேற்றைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் 2015 ஜனவரி 31ஆம் தேதி இடிந்து விழுந்தது. இரவு நேரம். பக்கத்துத் தோற்சாலையில் தொழிலாளர்கள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 10 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அப்பால் என்ற ஊரில் குடிகள் இல்லை என்று நினைத்தோமே, இருக்கிறார்கள். சுவருக்கு அப்பால் படுத்திருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. அந்தச் சேறு யாருடையது என்று கேட்டால் அதற்கும் பெயர் கிடையாது. பல பேருடைய சேறு. அதனால் யாருடைய சேறுமல்ல. அதே ஊரில், மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுவிட்டுப்போன கழிவு, லட்சம் டன்னுக்கும் மேலாக, பல்லாண்டுகளாகக் குன்றுபோல் கிடந்தது. செய்தவர்கள் போய்விட்டார்கள், குன்று இருந்தது. மழை பெய்தபோதெல்லாம் அது நிலத்துக்குள் இறங்கிற்று. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் கழிவைப் பற்றி இன்னொரு தீர்ப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்து ஏறக்குறைய முப்பது வருஷம் ஆன பிறகு!

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். "படகு வேறு, ஊர் வேறு. லட்சம் பேர் வாழும் ஊரில் அவரவர் குழாயை அவரவரே கழற்றமுடியுமா? வேலைப் பிரிவினை இல்லாமல் நாகரிகம் ஏது? துணியை ஒருவர் நெய்கிறார், செருப்பை ஒருவர் தைக்கிறார், கழிவை ஒருவர் அகற்றுகிறார். கூலி கொடுத்துவிடுகிறோம். இதில் என்ன பாவம்?"

கேட்கவேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் தேடும்போது காந்தியடிகளின் சுயசரிதையில் வரும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. 1898 வாக்கில் அவர் டர்பனில் குடியிருந்தார். வீட்டில் அவருடைய குமாஸ்தாக்களும் தங்கியிருந்தார்கள். அவர்கள் குஜராத்திகளும் தமிழர்களும். அறைகளிலிருந்து கழிவுநீர் வெளியே போக வழியில்லாததால் அறைக்கு ஒரு கலயம் வைத்திருந்தார்கள். புதிதாக வந்த ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய கலயத்தை எடுக்கக் கஸ்தூர்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. கணவர் எடுப்பதையும் சகிக்கமுடியவில்லை. கண்ணீரோடு எடுத்துக்கொண்டு படியிறங்கினார். காந்தி, எடுத்தால் போதாது, சந்தோஷமாக எடுக்கவேண்டும் என்றார். வாக்குவாதம் முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசற்கதவுவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வெட்கப்பட்டார். தம்முடைய குரூரத்தைத் தாமே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தச் சம்பவத்தைத் தீண்டாமை ஒழிப்புக் கதையாக மட்டுமே பலரும் சொல்லுகிறார்கள். எனக்கு இதில் இரண்டு பாடங்கள் தெரிகின்றன. பிறர் கலயத்தைத் தொட மறுப்பதற்குப் பிறப்பைக் காரணம் காட்டினால் அது அநீதி, இது ஒன்று. தான் உயர்ந்ததென்று நம்பும் ஒரு கொள்கைக்காக, மறுக்கமுடியாத நிலையில் இருக்கும் இன்னொருவர் கையில் கலயத்தைக் கொடுப்பதும் அநீதி, இது இரண்டு. கஸ்தூர்பாவுக்கு அந்த அந்நிய தேசத்தில் போக்கிடம் எங்கே இருந்தது? 1901இல் கல்கத்தாக் காங்கிரஸில் கழிவிடத்தைக் கண்டு யாரும் முன்வராதபோது, காந்தி துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். டர்பனில் செய்ததைவிட அது எளிமையானது, அதனாலேயே உயர்ந்தது.

ஆகவே வேலைப் பிரிவினையைப் பற்றி நான் சொல்லக்கூடியது இதுதான். கழிவை அகற்றுவது ஒரு தொழிலாக இருப்பதில் குற்றமில்லை. அந்தத் தொழிலைச் செய்கிறவர் மறுக்கக்கூடியவராக இருக்கவேண்டும். 'இன்றைக்குத் தொட்டிக்குள் இறங்கமாட்டேன், நச்சுக்காற்று இருக்கிறது' என்று சொல்லிவிட்டு, அன்று மாலை தன் பிள்ளைகளுக்குச் சோறு போடக்கூடியவராக இருக்கவேண்டும். அப்படி இருந்தால் அது வேலைப் பிரிவினை. இல்லையென்றால் அதற்கு வேறு பெயர். கையால் மலம் அள்ளும் வேலையில் ஆட்களை ஈடுபடுத்துவதை நம் நாட்டுச் சட்டம் 1993இல் தடை செய்தது. 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது நல்லதே. ஆனால் தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். இறப்பது நிற்கவில்லை.

மத்தியதரக் குடும்பத்துக்காரர்களான நாம் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவது வழக்கம். சர்க்கார் செய்யவேண்டும், நகராட்சி செய்யவேண்டும் என்போம். செய்யவேண்டியதுதான். ஆனால் நம் வீட்டுப் பின்புறத்தில் இருக்கிற தொட்டி எத்தனை அடி ஆழம், கடைசியாக எப்போது காலி செய்தோம், லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போனது எங்கே கொட்டப்பட்டது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? லாரிக்காரரிடம் வாடகையைப் பேரம் பேசுகிறோம். 'எங்கே கொண்டுபோய் விடுவாய்?' என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்ற பயமோ என்னவோ! கப்பல் பதிவேட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு பத்தி உண்டு. நம் வீட்டுக் கணக்கு நோட்டில் பால்காரருக்கு ஒரு பத்தி உண்டு, வண்ணாருக்கு ஒரு பத்தி உண்டு. இதற்குக் கிடையாது.

சோளிங்கர்ப் பெரியமலைக்கு 1,305 படிகள். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் படிதோறும் நெரியும். ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். தோல் அசுத்தம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். ஆதலால் அதைக் கீழே விட்டுவிட்டுச் சுத்தமானவர்களாக மேலே போகிறோம். அந்தத் தோலைப் பதப்படுத்தினவர் யார், அதைக் கழுவின தண்ணீர் யார் கிணற்றில் இறங்கிற்று என்பது படியேறும்போது நினைவுக்கு வருவதில்லை. மேலே கொண்டுபோன தண்ணீர்ப் புட்டியும் தின்பண்டப் பொட்டலமும் தாமாக இறங்கி வருவதில்லை. யாரோ ஒருவர் குனிந்து பொறுக்கி, சாக்கில் கட்டி, இறக்கவேண்டும். மலையுச்சியும் ஒரு படகுதான். ஏறினதெல்லாம் இறங்கியாக வேண்டும். படகைச் சுற்றிக் கடல் இருப்பதுபோல் மலையைச் சுற்றிச் சரிவு இருக்கிறது. தூக்கி எறிந்தால் கண்ணுக்கு மறைந்துவிடும்.

செருப்பைக் கழற்றுவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பணிவின் அடையாளம், இருக்கட்டும். இறங்கி வந்து அதை மறுபடியும் மாட்டிக்கொள்கிறோமே, அப்போது ஒரு கணம் நின்றால் போதும். நம் காலடியில் இருப்பது ராணிப்பேட்டையில் பதப்பட்டு ஆம்பூரில் தைத்ததாக இருக்கலாம். அதற்காக ஓடின தண்ணீர் எங்கேயோ தேங்கி நிற்கிறது. அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கும், அங்கே ஒரு கிணறு இருக்கும், கிணற்றடியில் குடத்தோடு ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். அவளிடம் போய் 'அப்பால்' எங்கே இருக்கிறது என்று கேட்டால், தன் ஊரின் பெயரைச் சொல்லுவாள்.